நாற்பது நிமிடத் தாமதம்

போர்ட்டோவில் எங்கள் மருத்துவமனைக்கு
வழிகாட்டிப் பலகைகள் வேண்டியிருந்தன.
ஏழு வடிவமைப்பாளர்கள் வந்து போனார்கள்.
ஒருவரின் திரையில் எழுத்துகள் மூச்சுவிட்டன.
இன்னொருவர்
விமான நிலையத்துக்காக வாங்கிய விருதை மேசையில் வைத்தார்,
எடுக்க மறந்தவர்போலப் பேசினார்.
மூன்றாமவர் நோயாளியைப் 'பயனர்' என்று
பதினொரு முறை சொன்னார். எண்ணினேன்.
கணக்குப் பிரிவு டெல்மு
விலையை மட்டும் வட்டமிட்டுக்கொண்டிருந்தார்.

எட்டாவது ஆள் இலீடியா.
நாற்பது நிமிடத் தாமதம், தோளில் மழை.
மன்னிப்புக் கேட்கவில்லை.
பேருந்துச் சீட்டின் பின்பக்கக் கிறுக்கலை
எங்கள் முன் நீவி வைத்தார்.

"இங்கே முதலில் தொலைந்தேன்.
இங்கே மறுபடி.
இந்த அம்புக்குறி சுவரைக் காட்டுகிறது.
பிரசவ அறைக்கும் பிணவறைக்கும்
கதவில் ஒரே நீலம்.
அங்கே ஒருவர் பூங்கொத்தோடு
எதைத் தள்ளுவதென்று தெரியாமல் நின்றார்.
கொண்டுபோய் விட்டுவிட்டு வருகிறேன்."

எந்தக் கதவுக்கு என்று
எங்களில் யாரும் கேட்கவில்லை.

"நேரம் தவறுகிறவர், கூலியும் அதிகம்"
என்றார் டெல்மு.
அவர் பேனாவையே வாங்கிக் கையெழுத்திட்டேன்.

முதல் வாரம்
இலீடியா ஒரு கோடும் வரையவில்லை.
அறுபத்து மூன்று பலகைகளைக் கழற்றினார்.
சுவரெங்கும் ஆணித் துளைகள்.
டெல்மு என்னைப் பார்த்தார்.
நான் காப்பி இயந்திரத்தைப் பார்த்தேன்.

இருபத்திரண்டு வருடமாய்
அந்த வாசனை வந்ததும் இடப்பக்கம் திரும்பித்தான்
வெளியே போகிறேன்.
அங்கிருந்த பலகையில் என்ன எழுதியிருந்தது?
கழற்றிய குவியலில் தேடிப் பார்த்தேன்.
அடையாளம் தெரியவில்லை.