சைக்கிள் தெரியும்

தபால் வேலைக்கு விண்ணப்பத்தைத்
தபாலில் அனுப்பக் கூடாதாம்.
உறை இல்லை, கோந்து இல்லை,
ஸ்டாம்பின் முதுகை நக்கிய ருசி
நாக்கில் இல்லை.
காரைக்குடி செகண்ட் பீட் முக்கு,
ஜெசிமாவின் கணினி மையம்,
கால் ஆடும் ஒரு நாற்காலி.

பெயர் சொல்லுங்க அக்கா.
சே. வள்ளிக்கண்ணு.
பள்ளிச் சான்றிதழில் ஆங்கிலத்தில் ஒரு எல்,
ஆதாரில் இரண்டு எல்,
ரேஷன் கார்டில் கண்ணே இல்லை, வெறும் வள்ளி.
இதுல நீங்க யாரு, என்றாள்.
புதுவயல் ரைஸ்மில்லில்
எடைமேடைச் சீட்டு எழுதுகிறவள்.
அதற்கு அதில் கட்டம் இல்லை.

வயது முப்பத்தொன்பது.
நாற்பதோடு கதவைச் சாத்துவார்கள்.
கதவுக்கும் எனக்கும் நடுவே
பதினோரு வாரம்.

படம் ஐம்பது கேபிக்குள் இருக்க வேண்டும்.
மூக்குத்தி நன்றாக விழுந்த படம் அறுபத்திரண்டு.
அமுக்கினாள், இன்னும் அமுக்கினாள்,
மூக்குத்தி மச்சமானது.
கையெழுத்து இருபதுக்குள்.
லாரிக்கு லாரி கிறுக்கித் தள்ளுகிற கை
அந்த வெள்ளைத்தாளில் மட்டும்
முதல் நாள் பள்ளிக்கூடம் போனது.

பரீட்சை கிடையாது.
பத்தாம் வகுப்பில் வாங்கியதுதான் எல்லாம்,
தசமப் புள்ளி தாண்டியும்
துருவிப் பார்ப்பார்களாம்.
நானூற்று நாற்பத்தேழு.
சமூக அறிவியலில் வரைபடம் கொடுத்து
ஆறுகளைக் குறிக்கச் சொன்னார்கள்.
வைகையை மலையில் பிடித்து
கண்மாயில் விட மனசில்லாமல்
கடல்வரைக்கும் இழுத்துவிட்டேன்.
அப்போது போன மதிப்பெண்
இருபத்துமூன்று வருடம் கழித்து
ஜெசிமாவின் திரையில்
இல்லாமல் தெரிந்தது.

எந்த ஊர் ஆபீஸ் வேணும், வரிசையாச் சொல்லுங்க.
சாக்கவயல்: நெல்லில் ஈரம் குறைவு, முதலில் போடு.
மித்ராவயல்: சாக்கில் ஓட்டை இருக்கும், ஆட்கள் சுத்தம்.
பெரியகோட்டை: கருக்காய் அதிகம்,
அதைச் சொன்னால் சண்டைக்கு வருவார்கள்,
இருக்கட்டும், மூன்றாவது.
யாருக்குக் கடிதம் வருமென்று தெரியாது.
எந்த மூட்டை யாருடையதென்று தெரியும்.
வாயை எப்படிக் கட்டியிருக்கிறார்கள் என்று பார்த்தால் போதும்.

சைக்கிள் ஓட்டத் தெரியுமா?
ஆம். இல்லை.
ஜெசிமா திரும்பிப் பார்த்தாள்.
ஆம், என்றது வாய்.
கால்கள் இரண்டும் மேசைக்கடியில்
ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன.

பெண்களுக்குக் கட்டணம் இல்லையாம்.
ஜெசிமாவுக்கு அறுபது ரூபாய்.

அன்று ராத்திரியே மகளின் சைக்கிளை எடுத்தேன்,
அரசாங்கம் பதினோராவதில் கொடுத்தது,
பெல் மட்டும் போய்விட்டது.
நெல் காயப்போடும் சிமெண்டுக் களம்,
ஒற்றை விளக்கு, அதில் ஆயிரம் பூச்சி.
சேலையை முட்டிக்கு மேலே சொருகிக்கொண்டேன்.
பிடிச்சிருக்கேன்மா, பிடிச்சிருக்கேன், என்று
எங்கோ தூரத்திலிருந்து கத்தினாள் பிரகதி.
விழுந்தேன்.
தவிட்டு மூட்டைமேல் ஒருதரம்,
மில்லின் நாய்மேல் ஒருதரம்.
காலையில் முதலாளி கேட்டார்,
முழங்கையில் என்ன?
விண்ணப்பம், என்றேன்.

முதல் பட்டியல் வந்தது.
எடைமேடையில் லாரி ஏறி நிற்க
போனில் விரலால் தள்ளித் தள்ளித் தேடினேன்.
சாக்கவயல் யாருக்கோ,
மித்ராவயல் யாருக்கோ,
தொண்ணூற்றெட்டு, தொண்ணூற்றேழு,
என் மகள் வயதுப் பிள்ளைகள்,
அவர்கள் வைகை சரியான இடத்தில் நின்றிருக்கும்.
டிரைவர் ஹாரன் அடித்தான்.
பதினாறு டன், நானூறு கிலோ,
எழுதிக் கொடுத்தேன்.

இரண்டாவது பட்டியல் வரும் என்கிறாள் ஜெசிமா.
வரட்டும், வராமல் போகட்டும்,
அந்தக் கட்டத்தில் நான் சொன்னது
இப்போது பொய்யில்லை.
மில்லிலிருந்து வீட்டுக்கு
இப்போதெல்லாம் மிதித்துத்தான் போகிறேன்.
நேற்று வீட்டைத் தாண்டி,
பால் சொசைட்டியைத் தாண்டி,
கண்டனூர் சாலையில் பாதி தூரம் போய்விட்டேன்.
பிரேக் பிடித்துக்கொண்டே
இறங்குவது எப்படி என்று
விண்ணப்பத்தில் கேட்கவில்லை.