அலகு

ஏலக் கூச்சல் ஓய்ந்த ஒன்பது மணிக்கு
எக்கோ மிஷினைப் பனியனில் சுற்றி
மேசைமேல் வைத்தார் தேசப்பன்.
"பொய் சொல்லுது.
கயிறு விட்டா பன்னெண்டு பாகம்,
இது இருபத்திரெண்டுன்னுது."

காசிமேட்டில் கடலைத் தவிர
எல்லாவற்றையும் ரிப்பேர் பார்ப்பவன் நான்.
மிஷினில் கோளாறு இல்லை.
திரை மூலையில் எறும்பளவு எழுத்து: மீட்டர்.

மீன் பில்லின் பின்பக்கம்
இருபத்திரண்டைப் பன்னிரண்டால் வகுத்தேன்.
ஒன்று புள்ளி எட்டு மூன்று.
பாலிடெக்னிக்கில், விடைக்குப் பக்கத்தில்
அலகு எழுதாத குற்றத்துக்கு
அரை அரை மார்க்காய் என்னைத் தின்ற பாடம்
ஈரத்தாளில் வந்து உட்கார்ந்தது,
சொந்தக்காரன் போல.

"பாகத்துக்கு மாத்திடறேண்ணா."
"யாரு பாகத்துக்கு?"

இரண்டு கையையும் விரித்து நின்றார்.
டேப் வைத்துப் பார்த்தேன்.
ஒன்று அறுபத்தாறு.
அவர் கைக்குக் கடல் பதிமூன்றேகால்.
அப்படியானால் அந்தக் கயிற்றில்
முடிச்சுப் போட்டது யார்?

தேசப்பன் தரையைப் பார்த்தார்.
ஆறடி கஜபதி. கூட்டாளியாய் இருந்தவன்.
டீசல் கணக்கில் முறிந்து எட்டு மாசம்,
எதிரே வந்தாலும் முகம் திருப்பல்.
அந்த எட்டு மாசமும் இவர் வலை இறங்கியது
அவன் நெஞ்சகல ஆழத்தில்.

வெளியே ஐஸ் உடைக்கிறார்கள்.
பத்து மீட்டர் தண்ணீர் ஒரு பார் அழுத்தம்;
இங்கே ஒரு பார் என்றால்
கோணி போட்டுத் தோளில் ஏற்றுவது.
அதை இதாக்க எந்த எண்ணாலும் ஆகாது.
கூரை விளிம்பில் காக்கை,
தனக்குத் தெரிந்த ஒரே அலகில்
ஒரு கானாங்கெளுத்தி.

"மீட்டர்லயே வுட்டுடு," என்றார்.
"யார் கையும் வாணாம்."

மூன்றாம் நாள், விடிய இரண்டு மணி நேரம் இருக்க
போன் அடித்தது.
இன்ஜின் சத்தத்துக்குள்ளிருந்து:
"இருபது மீட்டர்னா எவ்ளோடா?"
"யார் கைக்குண்ணா?"

இன்ஜின்.
இன்ஜின்.
"...அவன் கைக்கு."

"பதினொண்ணு. ஏழு விரக்கட கம்மி."

நூற்றைம்பது ரூபாய் பாக்கிக்கு
மறுநாள் ஒரு முறம் காரப்பொடி வந்தது.
எடை போடவில்லை.