பத்து கிலோவுக்குக் கீழே

குந்தாரப்பள்ளி கூட்டுரோட்டில்
அறுபது டன் எடைமேடை.
ராத்திரி ஒன்பதிலிருந்து காலை ஆறு வரை
பில் போடும் கை என்னுடையது.
இந்த மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே எதுவும் கிடையாது.
குறுக்கே நடக்கும் நாயைச் சில நாள் பத்து என்று காட்டும்,
சில நாள் நாயே இல்லை என்று சொல்லும்.

போன ஜனவரியில்
லோடு வராத ஒரு ராத்திரி
போனில் எழுத ஆரம்பித்தேன்.
வலது கட்டைவிரல் மட்டும்.
இடது கை டீ கிளாசுக்கு.
‘கல் லாரி’ என்று அடித்தால்
‘கல்யாணி’யா என்று கேட்டது போன்.
ஒருமுறை அப்படியே விட்டுவிட்டேன்.
முகம் தெரியாத பதினோரு பேர்
யார் அந்தக் கல்யாணி என்றார்கள்.
கிரானைட் என்று சொல்ல மனசு வரவில்லை.

ஏப்ரலில், அப்பா செத்ததை எழுதினேன்.
அதில் நான் அழுதிருந்தேன்.
சுகந்தி சோறு வடித்துக்கொண்டே படித்தாள்.
“அன்னிக்கு நீ பந்தல்காரன்கிட்ட
முந்நூறு ரூபாய்க்குச் சண்ட போட்டுக்கிட்டிருந்த.”
அவ்வளவுதான் சொன்னாள்.
போனில் தெறித்த கஞ்சியை
முந்தானையில் துடைத்துத் தந்தாள்.
எழுதியதை நான் மாற்றவில்லை.
சண்டையையும் எழுதவில்லை.
அந்த முந்நூறு இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.

மே, ஜூன் மாங்காய்.
கூழ் ஃபேக்டரிக்கு பெங்களூரா ஏற்றிய வண்டிகள்
மேம்பாலம் தாண்டி வால் நீட்டி நிற்கும்.
எழுத நேரமில்லை, படித்தேன்.
பிரின்டர் கரகரத்து பில்லைத் துப்புவதற்குள்
எவ்வளவு முடியுமோ அவ்வளவு.
அதனால் பலருடைய வாழ்க்கை எனக்கு
நடுவிலிருந்து நடுவரைதான் தெரியும்.
பூனைக்கு மாத்திரை கொடுக்கக் கற்றுக்கொண்டிருந்த
துபாய் ஏசி மெக்கானிக்.
விவாகரத்தைத் தவணையில் எழுதிய
திருவாரூர் டீச்சர்.
ராமநாதபுரம் பக்கம் ஒருவர்
செவ்வாய்க்கிழமைதோறும் தன் கிணற்றைப் பற்றி எழுதினார்.
இன்று எத்தனை அடி, என்ன மண்,
யார் யார் வந்து எட்டிப் பார்த்தார்கள்.
ஜூலையோடு நின்றுவிட்டது.
தண்ணீர் வந்துவிட்டதா,
அவருக்கு ஏதாவதா.
யாரிடமாவது கேட்கலாம் என்றால்
பெயர்கூட முழுதாய்த் தெரியாது.
ஆழம் தெரியும்.
நூற்றுப் பதினேழு அடி.

செப்டம்பரில் வேடியப்பன்,
பதினான்கு சக்கர வண்டி,
ஜன்னலுக்குள் தலையை நீட்டினான்.
“பில் சார், ‘காலி லாரிக்குத்தான் சத்தம் அதிகம்’னு
யாரோ எழுதியிருக்கான், பாத்தீங்களா?”
ஓவர்லோடில் பிடிபட்ட மாதிரி இருந்தது எனக்கு.
இல்லையே என்றேன்.
“நம்ம ஏரியா ஆளுதான், ஆனா வண்டி ஓட்டாதவன்.
பாதி லோடுதான் சார் சத்தம் போடும்.
கல்லு ஒண்ணு மேல ஒண்ணு உருளும்.”
அவன் சிவப்பு விளக்கு வளைவில் மறைந்ததும்
அந்த வரியைத் திருத்தினேன்.

டிசம்பர் முப்பத்தொன்று.
ஊர்ப் பக்கம் வெடிச் சத்தம் ஓய்ந்து
மூன்று மணி நேரமாய் ஒரு வண்டியும் இல்லை.
எண்ணிப் பார்த்தேன். இருநூற்று ஆறு.
நாற்பது, மாங்காய் விலைப் புலம்பல்.
பன்னிரண்டில் கல்யாணி வந்துபோகிறாள்.

இறங்கிப் போய் மேடை நடுவில் நின்றேன்.
வெளியே தொங்கும் சிவப்பு எண்ணில் எழுபது.
கொஞ்சம் அசைந்தால் அறுபது.
போனைக் கேபினில் வைத்துவிட்டு வந்து
மறுபடி நின்றேன்.
எழுபது. அறுபது. அதேதான்.

அப்புறம் தூறல்.
விடியும்போது காலி மேடை நாற்பது காட்டியது.
சேறு, ஈரம், டயர்கள் உதிர்த்துப்போன கல்துகள்.
காலையில் முதல் வேலை
ஜீரோ பட்டனை அழுத்துவது.
விரலை வைத்தேன்.

சூளகிரிப் பக்கமிருந்து ஒரு ஹெட்லைட் ஏறி வருகிறது,
இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கும்.
வரட்டும்.
அதுவரை நாற்பது.