காற்றடித்தால் மலிவு

சாரெமா தீவில் காற்றுக்கு விலை கிடையாது.
ஆனால் காற்றடித்தால்
மின்சாரத்தின் விலை இறங்கும்.
மணிக்கு மணி வேறு விலை,
கைப்பேசியில் தூண்தூணாக நிற்கும்.
மாலை ஆறு மணித் தூண்
தேவாலயக் கோபுரம்.
விடிகாலை மூன்று மணித் தூண்
என் முயல்கூண்டின் வாசற்படி.

ஆகவே மூன்றுக்கு எழுகிறேன்.
முதலில் சலவை இயந்திரம்,
பிறகு ரொட்டி அடுப்பு.
அது சூடேறுவதற்குள்
கிணற்று மோட்டார் தொட்டியை நிரப்பிவிடும்.
விளக்கு போடுவதில்லை.
மாவு பிசையக் கைக்குத் தெரியும்,
கண்ணுக்கு எதற்குச் செலவு?
அடுப்புக்குள் எரியும் சின்ன பல்பை
அணைக்க வழியில்லை.
அதை மட்டும் மன்னித்திருக்கிறேன்.

சனிக்கிழமை சௌனாவில் காய்ச்சிய நீர்
என் மேல் ஒருமுறை,
காலுறைகள் மேல் ஒருமுறை,
சமையலறைத் தரையில் ஒருமுறை.
வாசல் சேற்றைக் கழுவப் போகும்போது
அதன் நிறம்
எங்கள் நவம்பர் வானத்தின் நிறம்.

ஆப்பிள் தோல் வினிகராகும்.
சுண்ணாம்புத் தீவு இது,
கெட்டிலுக்குள் கல் வளரும்,
வினிகர் அதைக் கரைக்கும்.
இழையோடிய நைலான் காலுறைக்குள்
வெங்காயம் முடிச்சு முடிச்சாகத் தொங்கும்.
பரிசுத்தாளை இஸ்திரி போட்டு வைத்திருக்கிறேன்,
இது அதற்கு ஐந்தாவது கிறிஸ்துமஸ்.
தாலினிலிருந்து வரும் மகள் லீஸ்
பரிசைப் பிரிக்குமுன்
தாளை நலம் விசாரிப்பாள்.

கணக்கு நோட்டில்
போன வருட மிச்சம்
இருநூற்றுப் பதினோரு யூரோ.
ஒரு கடைவாய்ப் பல்
அதை ஒரே மதியத்தில் தின்றது.
தின்பதுதானே பல்லின் வேலை.

வயலுக்கு அப்பால் ஹெய்னோ.
ஆறு வருடமாகப் பேச்சில்லை.
எல்லைக்கல் மேல் சாய்ந்தது ஒரு பிர்ச் மரம்.
வேர் உங்கள் பக்கம், விறகு என் பக்கம்
என்று சொல்லி
இரண்டே நாளில் அடுக்கிவிட்டார்.
அவர் ஜன்னலும் மூன்று மணிக்குத்தான் எரியும்.
பார்த்திருக்கிறேன்.
அவரும் பார்த்திருப்பார், அந்தச் சின்ன பல்பை.

செவ்வாய் இரவு புயல்.
விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது.
எரித்தால் அவர்களே நமக்குக் காசு தருவார்களாம்
(கம்பிக் கட்டணம் தனி, அதை யாரும் சொல்வதில்லை).
ஹெய்னோ வீட்டில் அத்தனை விளக்கும்,
மாட்டுக்கொட்டகை விளக்குகூட.
மூன்று இருபதுக்குக் கதவு தட்டும் சத்தம்.
கூடத்து விளக்கைப் போட்டுத் திறந்தேன்.

நனைந்த தொப்பி.
கோட்டுக்குள் அணைத்தபடி
கம்புமாவு நிறைந்த தகரத் தட்டு.
"என் அடுப்பில் கம்பி எரிந்துபோச்சு.
மாவு பொங்கிவிட்டது.
உங்கள் அடுப்பில்
மேல்தட்டு சும்மாதானே இருக்கும்?"

சும்மாதான் இருந்தது.
வருடக்கணக்காக என்னை உறுத்தியதும் அதுதான்.
ஒரு ரொட்டிக்காக
முழு அடுப்பையும் காயவைக்கும் ஊதாரித்தனம்.
நுழையவிட்டேன்.
மன்னிப்பு என்று யாரும் பெயர் வைக்க வேண்டாம்,
இது சிக்கனம்.

உட்காருமுன்
அவராகவே போய்
கூடத்து விளக்கை அணைத்தார்.

ஒரு தேயிலைப் பையில் இரண்டு கோப்பை.
வெளுத்த இரண்டாவதை
அவர் பக்கம் தள்ளினேன்.
கொஞ்சம் யோசித்து
மாற்றி வைத்தேன்.

சலவை இயந்திரம் சுற்றி நின்றது.
"அந்த பிர்ச் சரியாக எரியவில்லை" என்றார்.
"உள்ளே உளுத்திருந்தது, எனக்குத் தெரியும்."
"அப்போதே சொல்லியிருக்கலாமே?"
"நீங்கள் கேட்கவில்லையே."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
அடுப்பு பல்பின் வெளிச்சத்துக்கு
அவ்வளவு விவரம் போதாது.

ஐந்து மணி. தூண்கள் ஏறத் தொடங்கின.
ரொட்டியைக் கவிழ்த்து அடியைத் தட்டிப் பார்த்தார்,
உள்ளிருந்து நல்ல பதில் வந்தது.
துண்டில் சுற்றிக் கொடுத்தேன்.
"துண்டு திரும்பி வரணும்."
"அடுத்த காற்றுக்கு" என்றார்.

அடுப்புக் கதவைத் திறந்து போட்டேன்,
மிச்சச் சூட்டில் காலுறைகள் காயட்டும்.
கைப்பேசியில் பார்த்தேன்:
வியாழன், தென்மேற்கு,
நொடிக்குப் பதினான்கு மீட்டர்.