வாலில்லாத மூன்று

டால்காவே சந்தையில் வாங்கினேன்.
அட்டைப்பெட்டிக்குள் மூன்று பெட்டைகள்,
மூன்றுக்கும் வால் கிடையாது.
பிறவியே அப்படித்தான் என்றாள் விற்றவள்,
ஆனால் முட்டை நீலமாக இடும்,
மழை விட்டதும் கொஞ்ச நேரம் தெரியுமே, அந்த நீலம்.
சிலோயே தீவில் மழை விட்டு நான் பார்த்ததில்லை.
இருந்தும் வாங்கினேன்.

பதினைந்து நாள் படகுக் கொட்டகையில் தனிக்காவல்.
மூக்கில் சளியா, சிறகில் பேனா,
எச்சம் கெட்டியா தண்ணீரா என்று
மழைச்சட்டையோடு குனிந்து பார்த்துவிட்டு
ரோசமேல் தினமும் அறிக்கை தருவான்,
துறைமுக அதிகாரி மாதிரி.

பிறகு வலை.
சால்மன் கூண்டிலிருந்து கழித்துப்போட்ட நைலான்
முற்றத்தை இரண்டாக வகிர்ந்தது.
இந்தப் பக்கம் எங்கள் பழைய ஆறு.
ஆறுக்கும் தலைவி ஒருத்தி, மேயரம்மா.
எதையும் ஒற்றைக் கண்ணால்தான் பார்ப்பாள்,
வரி பாக்கி வைத்தவனைப் பார்க்கிற பார்வை.
முதல் நாள் யாரும் யாரையும் பார்க்கவில்லை.
அதாவது, நாள் முழுக்க
பார்க்காமல் இருப்பதையே வேலையாகச் செய்தார்கள்.

இருட்டில் கோழிக்குக் கண் தெரியாது என்றான் ரோசமேல்.
ராத்திரியோடு ராத்திரியாகக் கம்பில் ஏற்றிவிட்டால்
விடிந்ததும் எண்ணியா பார்க்கப்போகிறது?
நேற்றும் இதுகள் இங்கேதான் இருந்தன என்று நினைத்துக்கொள்ளும்.
டார்ச்சைச் சட்டைக்குள் மறைத்து
ஒவ்வொன்றாகத் தூக்கினோம்.
என்ன சூடு.
கனமே இல்லாத உடம்புக்குள் அவ்வளவு சூடு.
தூக்கக் கலக்கத்தில் ஏதோ ஒன்று
நகர்ந்து இடம்கூட விட்டது.
பார்த்தாயா என்றான்.

கோழிக்கு எண்ணத் தெரியும்.

விடிந்ததும் மேயரம்மா பாய்ந்தாள், வாலைக் கொத்த.
வால் இல்லை.
ஒரு கணம் நின்றாள்,
சட்டப் புத்தகத்தில் பக்கம் தேடுகிறவளாட்டம்.
பிறகு கொண்டையைப் பிடித்தாள்.
ரத்தம் கண்டதும் மற்ற ஐந்தும் வந்துவிட்டன.
நான் துடைப்பத்தோடு ஓடினேன், வெறுங்காலில், சேற்றில்.
கவனம் திருப்பக் கயிற்றில் முட்டைக்கோஸ் கட்டித் தொங்கவிட்டோம்.
ஆறும் கொத்தின. மூன்று பார்த்தன.
இரண்டாவது தீனித்தட்டு வைத்தோம்.
இரண்டையும் மேயரம்மாவே காவல் காத்தாள்.
கொண்டை கிழிந்தவள் விறகடுக்குக்குப் பின்னால்
சந்தில் தன்னைச் செருகிக்கொண்டாள்.

அந்த வாரம் எனக்கு இரவு வேலை,
சால்மன் ஆலையில், முள் பிடுங்கும் வரிசை.
சாப்பாட்டு அறையில் நீளப் பெஞ்சு ஒன்று.
எட்டுப் பேர் உட்காரலாம்.
ஏழு பேரும் ஒரு பையும் உட்கார்ந்திருப்போம்.
பை என்னுடையது.
ஹைட்டியிலிருந்து வந்த மிர்லாந்த்
கைகழுவும் குழாயோரம் நின்றே சாப்பிடுவாள்,
டப்பாவின் மூடியைத் தட்டாக ஏந்தி.
ஐந்து வாரமாக.
ஐந்து என்று எண்ணி வைத்திருக்கிறேன் என்பதே
அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

பையை எடுத்தேன்.
அவள் வரவில்லை.
இருக்கட்டும், என்றாள், நின்று பழகிவிட்டது.
கோபமா, நிஜமா, தெரியவில்லை.
ஏழு பேரும் ஓர் ஓட்டையுமாகச் சாப்பிட்டு முடித்தோம்.

விறகெடுக்கப் போன ரோசமேல் கத்தினான்.
நீல முட்டை. கடையில் விற்கும் நீலம் இல்லை,
கொஞ்சம் பச்சை கலந்து, கழுவாத கண்ணாடி மாதிரி.
சந்துக்குள் இட்டிருக்கிறாள், சிராய்களுக்கு நடுவே.
எத்தனை நாளாகவோ. மொத்தம் நான்கு.

இப்போதும் சாயங்காலம் கம்பேறும்போது
மேயரம்மா மூன்றுக்கும் ஆளுக்கொரு கொத்து வைக்கிறாள்,
லேசாக, பஸ் டிக்கெட்டில் ஓட்டை போடுவதுபோல்.
வாங்கிக்கொண்டு ஏறுகின்றன.

பை இப்போதெல்லாம் ஆலைத் தரையில்.
ஈரத் தரை. அடியில் செதில்கள் ஒட்டிக்கொண்டு
படகேறி வீடுவரை வந்துவிடுகின்றன.
விடிகாலையில் முற்றத்தில் இறக்கி வைத்தால்
கொத்தி எடுக்க ஒன்பதும் ஓடி வருகின்றன.
மேயரம்மாதான் முதலில்.
மற்றவை, அன்றைக்கு யார் கால் நீளமோ.