பதினொன்று என்னுடையவை

மூன்று வருடத்தில் எழுபத்து நான்கு கோல்.
அதில் பதினொன்று என்னுடையவை.
அடித்ததைச் சொல்லவில்லை,
என்னைத் தாண்டிப் போனவற்றைச் சொல்கிறேன்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்திலிருந்து வருவாள்
ரெஜினா.
மார்க்கர் பேனாவால் ஒன்பது எழுதிய பனியன்.
மன்னார்குடிக்குக் கோலி நான்.
ரெக்சின் உறைக்குள் தேங்காய் நார் திணித்த பேடு,
தலைக்கு யாரிடமோ கடன் வாங்கிய கிரிக்கெட் ஹெல்மெட்.

மைதானம் சித்திரையில் வெடித்த களி,
ஐப்பசியில் தவளைகளுக்குச் சொந்தம்.
வெடிப்பில் பட்டால் பந்து திசை மாறும்.
நாங்கள் வெடிப்பைத் திட்டினோம்.
அவள் அதையும்
தன் அணியில் சேர்த்துக்கொண்டாள்.

முதல் கோலை நான் பார்க்கவேயில்லை.
பின்பலகை அதிர்ந்ததைக் கேட்டுத்தான் திரும்பினேன்.
மூன்றாவது பெனால்டி கார்னர்.
ஏழாவது என் பேடில் பட்டது,
பட்டும் போனது.
தூக்கத்தில் இன்னும் நான் தடுப்பது அதைத்தான்.
ஒன்பதாவதுக்குப் பிறகு
குனிந்து, அறுந்திருந்த என் பேடு வாரை முடிந்துவிட்டு
"எடது பக்கமே சாயிறே, அதான்" என்றாள்.
சாய்வதை விட்டேன்.
பத்தும் பதினொன்றும்
வலது பக்கம்.

பேப்பரில் ஒரு பத்தி வந்தது,
பெயர் ரோஜினா என்று.

மாநில முகாமுக்குக் கூப்பிட்டார்கள்.
அங்கே பச்சைப் பாய் விரித்துத்
தண்ணீர் தெளித்து வைத்திருந்தார்களாம்.
ஒரு வெடிப்பு கிடையாது.
பதினெட்டாம் நாள் முழங்கால் திரும்பிக்கொண்டது.
அவளும் திரும்பினாள்.
எழுபத்து ஐந்தாகவாவது ஆகியிருக்கலாம்
என்று கணக்குப் பார்த்து வருந்தியது
எனக்குத் தெரிந்து
எதிரணிக் கோலி ஒருத்திதான்.

இந்தத் தை மாதம்
கோட்டூர் கொள்முதல் நிலையத்தில்
நெல்லைக் கொட்டி ஆறாவது நாள்.
ராத்திரிப் பனியில்
தார்ப்பாய்க்கடியில் வியர்த்துக் கிடந்தது குவியல்.
டோக்கன் நாற்பத்தொன்று.
மேசைக்குப் பின்னால் புதுப் பட்டியல் எழுத்தர்,
விளையாட்டு ஒதுக்கீடு, பருவத்துக்கு மட்டும் சம்பளம்.
ஒரு காலை மடக்காமல் நீட்டியே உட்கார்ந்திருந்தாள்.

ஒரு பிடி நெல்லை ஈரமானியில் போட்டாள்.
பத்தொன்பது.
பதினேழுக்கு மேல் எடுக்கக் கூடாது.
"ரெஜினா" என்றேன்.
நிமிர்ந்தாள். தெரியவில்லை.
கம்பிக்குப் பின்னாலிருந்த முகத்தை
அவள் எங்கே பார்த்தாள்?
கொஞ்சம்
இடது பக்கமாகச் சாய்ந்து நின்றேன்.

சிரித்த சிரிப்பில் லோடுமேன்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

சிரித்து முடித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு
"பத்தொன்பது பத்தொன்பதுதான்,
போய்க் காயப்போடு" என்றாள்.

சாப்பாட்டு நேரத்தில் களத்துக்கு வந்து
பலகையை வாங்கி நெல்லைத் தள்ளினாள்.
இடக்கை மேலே, வலக்கை தாழ.
பிடி மாறவில்லை.
நீட்டிய கால் மட்டும் ஒரு தப்படி பின்னால் வந்தது.

மூன்று மணிக்குப் பதினேழரை.
"இன்னும் ஒரு மணி நேரம்."
விசில் இல்லாத குறைதான்.

குவியலுக்கு முன்னால்
கால்களை அகட்டி நின்றுகொண்டேன்.
ஆடு ஒன்று வந்தது,
வலது பக்கமாக.
தடுத்தேன்.