ஏற்றத்திலா, வற்றத்திலா

முத்துப்பேட்டை கல்யாண மண்டபம்.
மணமேடையில் யாரோ விட்டுப்போன
தெர்மாகோல் இதயத்தின் கீழே
வனத்துறை விரித்த வரைபடம்.
அலையாத்திக் காட்டைச் சுற்றி பழைய பச்சைக் கோடு.
அதைத் தாண்டி, முந்நூற்றுப் பன்னிரண்டு எக்டேர் தள்ளி,
ஈரம் காயாத ஒரு சிவப்பு.

நான் எழுத்தர். எனக்கு இரண்டு கட்டம்:
ஆதரவு. ஆட்சேபணை.

இறால் குட்டை வைரக்கண்ணு முதலில் எழுந்தார்.
பட்டா, வங்கிக் கடன், நாற்பது பேருக்கு வேலை.
ஆட்சேபணை.
கல்லூரிப் பையன் ஒருவன்,
"புயல்ல முறிஞ்சது காடுதான் சார்,
எங்க தெரு இல்ல" என்றான்.
ஆதரவு.
நூர்தீன் படகுக்கு டீசல் மானியம் கேட்டார்.
அது இங்கே இல்லை என்றார்கள்.
"வேற எங்க கேக்குறது?"
அதற்குக் கட்டம் இல்லை.

அஸர் பாங்கு. மைக்கை அணைத்தார்கள்.
திரும்பப் போட்டபோது கரகரத்தது.

செங்கமலம் மைக்கை வாங்கவே இல்லை.
வரைபடத்துக்குக் கிட்டப் போய்,
நண்டு கிழித்த விரலைச் சிவப்பின்மேல் வைத்து,
"இது ஏத்தத்துல போட்ட கோடா, வத்தத்துலயா?"

ரேஞ்சர் சர்வேயரைப் பார்த்தார்.
சர்வேயர், செயற்கைக்கோள் அங்கே இருப்பதுபோல்
மின்விசிறியைப் பார்த்தார்.

"வத்தத்துல இந்த இடம் முட்டிச் சேறு.
கைய விட்டா நண்டு வளை.
ஏத்தத்துல வெறும் தண்ணி, நானும் வீட்டுல.
நீங்க நடுற கல்லு மட்டும் எந்நேரமும் கல்லு.
அப்ப நான் பாதி நாள் உள்ள,
பாதி நாள் வெளியவா?
காடு வரட்டும். வேணாங்கல.
கண்டல் விதை என்ன, மனு குடுத்தா வருது?
முளைச்சுக்கிட்டே மிதந்து வருது.
எம் பொடவையில ஒட்டுது,
உதறுன எடத்துல நிக்குது.
வைரக்கண்ணு அண்ணன் குட்டைக் கரையில
நாலு நிக்குது, போய்ப் பாருங்க."

மண்டபம் சிரித்தது.
கொஞ்சம் பொறுத்து வைரக்கண்ணுவும்.

அவள் சொன்னதைச் சொன்னபடி,
இரண்டு கட்டத்துக்கும் நடுக்கோட்டின் மேலேயே எழுதினேன்.
ஓரம் தாண்டி, அடுத்த பக்கமும் போயிற்று.
மேலிடத்தில் தட்டச்சு செய்கிறவர் வெட்டலாம்.

கோரையாற்றுப் பாலத்தில் பஸ் நின்றது.
எட்டிப் பார்த்தேன்.
பதினோரு வருஷமாய் இந்த வழிதான் போகிறேன்.
தண்ணீர் ஏறுகிறதா இறங்குகிறதா,
எனக்குத் தெரியவில்லை.